துருவ ஒளியைப் படமெடுக்க எந்த ஃபில்டர் வாங்கலாம்?

கேள்வி: பொறியியல் மாணவர்களான நாங்கள் 550 கி.மீ. உயரத் துருவச் சுற்றுப்பாதைக்கு ஒரு சிறு செயற்கைக்கோளை வடிவமைக்கிறோம். அதிலிருந்து துருவ ஒளியைப் புற ஊதாவில், பகல் பக்கத்திலும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். சிலிக்கான் சென்சர் உள்ள சாதாரண கேமராவின் முன்னால் நல்ல புற ஊதா ஃபில்டர் ஒன்றைப் போட்டால் போதுமா?

பதில்: ஃபில்டர் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது சென்சரைத்தான்.

180 நானோமீட்டருக்குக் கீழே காற்றிலுள்ள ஆக்சிஜன் சூரிய ஒளியை விழுங்கிவிடுகிறது. அதனால் அந்த அலைநீளங்களில் பகலிலும் பூமி கறுப்பாகவே தெரியும். துருவ ஒளியோ 100 கி.மீ.க்கு மேலே பிறப்பது, அது கறுப்புத் திரையில் தெளிவாக நிற்கும். நீங்கள் புற ஊதாவைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி.

சிக்கல் என்னவென்றால், அதே பூமியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியும் (காணுறு ஒளி) கேமராவுக்குள் வருகிறது. ஒரு சிறு கணக்குப் போடலாம். துருவ ஒளியின் பிரகாசத்தை ராலே என்ற அலகில் அளப்பார்கள். ஓரளவு நல்ல புற ஊதாத் துருவ ஒளி 1,000 ராலே இருக்கும். வெயில் படும் வெண்மேகமோ, காணுறு ஒளி முழுவதையும் கூட்டினால், அதைப் போல சுமார் 30 கோடி மடங்கு பிரகாசம். 10 கோடியில் ஒரு பங்கு கசிந்தாலே உங்கள் படத்தில் மேகம்தான் தெரியும். ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் கசியக் கூடாது. அந்த அளவுக்குத் தடுக்கும் ஒற்றை ஃபில்டரை நான் பார்த்ததில்லை. சிலிக்கானோ காணுறு ஒளியை ஆசையாகப் பிடிக்கும் பொருள்.

எனவே காணுறு ஒளி தெரியாத 'குருட்டு' சென்சர் வேண்டும். ஒளி பட்டால் எலக்ட்ரானை உமிழும், சீசியம் அயோடைடு பூசிய ஒளிமின்வாயும், அதன் பின்னால் அந்த எலக்ட்ரான்களைப் பன்மடங்காக்கும் நுண்துளைத் தகடான மைக்ரோசேனல் பிளேட்டும் சேர்ந்த குழாய்தான் இதற்குப் பழகிய வழி. 200 நானோமீட்டரைத் தாண்டியதும் சீசியம் அயோடைடின் உணர்திறன் சரசரவென்று சரிந்துவிடும். மீதியை ஆடிகள் பார்த்துக்கொள்ளும். சாதாரண லென்ஸ் இந்த அலைநீளத்தைக் கடத்தாது, எப்படியும் பிரதிபலிக்கும் ஆடிகள்தான் வேண்டும். அவற்றின் மேல் அலைநீளங்களின் ஒரு குறுகிய பட்டையை மட்டும் பிரதிபலிக்கும் அடுக்குப் பூச்சு போட்டால், ஒவ்வொரு ஆடியும் இன்னொரு ஃபில்டராகிவிடும்.

எந்தப் பட்டை? 121.6 நானோமீட்டரில் பூமியைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் எங்கும் மினுங்கும், அதனால் அது வேண்டாம். ஆக்சிஜன் 130.4 நானோமீட்டரில் தரும் ஒளி நல்ல பிரகாசம், ஆனால் அந்த ஒளி மேல் வளிமண்டலத்தில் திரும்பத் திரும்பச் சிதறுவதால் படம் மங்கிப்போகும். நான் 140 முதல் 180 வரையிலான நைட்ரஜன் பட்டையைத்தான் சொல்வேன். 1986இல் ஏவப்பட்ட ஸ்வீடனின் வைக்கிங் செயற்கைக்கோளில் ஒரு கேமரா ஏறக்குறைய இதைத்தான் பார்த்தது. பேரியம் ஃபுளோரைடு ஜன்னல் ஒன்று வைத்தால் 121.6, 130.4 இரண்டும் நின்றுவிடும். பகல் பக்கத்தில் நைட்ரஜன் தானாகவும் கொஞ்சம் ஒளிரும். அதைப் பின்னர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்து வெளிச்சம் போதுமா என்ற கவலை வரும். உங்கள் உயரத்தில் அது வேண்டாம். 2.5 செ.மீ. திறப்பு, ஒரு பிக்சலுக்கு 1 பாகை, மொத்தத் திறன் (உள்ளே வரும் ஃபோட்டான்களில் பதிவாகும் பங்கு) 1 சதவீதம் என்று வைத்தால், 1,000 ராலேக்கு விநாடிக்குச் சுமார் 1,200 ஃபோட்டான்கள் பதிவாகும். துருவ ஒளி இருக்கும் உயரத்தில் அந்தப் பிக்சல் சுமார் 8 கி.மீ. அகலம். செயற்கைக்கோளும் விநாடிக்குச் சுமார் 7 கி.மீ. நகர்வதால் 1 விநாடி எக்ஸ்போஷர் அதோடு பொருந்தும். பிக்சலைச் சிறிதாக்கி மட்டும் பயனில்லை, நகர்வில் படம் இழுபட்டுவிடும். அப்படி வேண்டுமானால் குறைந்த நேர எக்ஸ்போஷரில் பல படங்களாக எடுத்து, நகர்த்தி நகர்த்திக் கூட்ட வேண்டும். 2000இல் ஏவப்பட்ட ஐமேஜ் செயற்கைக்கோள் சுழன்றுகொண்டே இருந்ததால் அப்படித்தான் செய்தது. ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: 30 பாகைப் பார்வைக்கு உங்களுக்குக் கிடைப்பது சுமார் 240 கி.மீ. அகலத் துண்டுதான். துருவ ஒளியின் முழு வளையத்தை ஒரே படத்தில் பிடிக்க, ஆயிரக்கணக்கான கி.மீ. மேலே போக வேண்டும்.

அப்புறம், சுத்தம். பசை, பெயின்ட், வயர் உறை ஆகியவற்றிலிருந்து கிளம்பும் ஆவி ஆடியில் மெல்லிய படலமாகப் படிந்தாலும் இந்த அலைநீளத்தில் திறன் இறங்கும். அந்தப் படலம் வெயில் பட்டால் இறுகிவிடும். இந்தியாவின் விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பரில் ஏவப்பட்டது. அதன் புற ஊதாத் தொலைநோக்கியின் மூடிகளைச் சுமார் இரண்டு மாதம் கழித்தே திறந்தார்கள். நீங்களும் ஒரு மூடி வையுங்கள், குழாய்க்கு மின்னழுத்தம் கொடுக்க அவசரப்படாதீர்கள். சீசியம் அயோடைடு ஈரக்காற்றில் கெட்டுவிடும், எனவே ஜன்னலோடு சீல் செய்த குழாயாகவே வாங்குங்கள்.

சீல் செய்த குழாயில் இன்னொரு வசதியும் உண்டு: கசிவைக் கல்லூரியிலேயே சோதிக்கலாம். தரையை எட்டும் வெயிலில் 290 நானோமீட்டருக்குக் கீழே ஏறக்குறைய எதுவுமே இல்லை. வெயில் அடிக்கும் ஒரு வெள்ளைச் சுவரை நோக்கிக் கேமராவைத் திருப்புங்கள். முதலில் குறைந்த மின்னழுத்தம், பிறகு மெல்ல ஏற்றுங்கள். மூடியை மூடினால் வரும் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வருவதெல்லாம் கசிவு. 200 முதல் 290 வரையிலான பகுதியை இந்தச் சோதனை காட்டாது, அதற்குத் தனியாக, புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கு வேண்டும். சுவரில் தேறிய பிறகு விளக்கைத் தேடுங்கள்.