மாடிப்படியில் மட்டும் வரும் வாயு

உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டே முக்கால் பக்கம் கொலஸ்ட்ரால். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். கடைசியில், முடிக்கிற அவசரத்தில் எழுதியதுபோல ஒரு விஷயம் இருக்கிறது: "மாடி ஏறினால் நெஞ்சில் வாயு அடைத்துக்கொள்கிறது. நின்று ஓர் அசிடிட்டி மாத்திரையை மென்றால் போய்விடுகிறது. முன்பெல்லாம் இரண்டாவது மாடியில் வரும், இந்த மாதம் முதல் மாடியிலேயே வந்துவிடுகிறது."

இதைப் படித்ததுமே, பதில் வெளியாகும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே இதய மருத்துவரிடம் போங்கள் என்று உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது, இதே விஷயத்தை வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வயிற்று வாயுவுக்கு மாடிப்படி தெரியாது. அது சாப்பிட்ட பின் வரும், படுத்தால் வரும், குனிந்தால் வரும். நடந்தால் வந்து, நின்றால் போய், கையில் கனமான பை இருந்தால் இன்னும் சீக்கிரமாக வருகிற அடைப்புக்கு இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதயம் இல்லை என்று உறுதியான பிறகு வயிற்றைப் பற்றி நிதானமாகப் பேசலாம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய் 70 சதவீதம் குறுகியிருந்தால்கூட, உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தெரியாமல் போகலாம். அந்த அளவு வேலைக்கு வருகிற ரத்தம் போதும். படியேறும்போது தேவை இரண்டு மூன்று மடங்காகிறது, குழாயால் ஈடுகொடுக்க முடிவதில்லை, நெஞ்சு இறுகுகிறது. நின்றால் தேவை குறைந்து இறுக்கமும் தளர்கிறது. இதற்குப் பெயர் ஆஞ்சைனா.

என்னிடம் வந்த ஒருவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பத்தில் ஏழு காலி. "எனக்கு இது நன்றாகக் கேட்கிறது டாக்டர், இரண்டே நிமிடத்தில் வலி போய்விடும்" என்றார். எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். எழுந்து செய்தே காட்டினார். நடையை நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் பையைத் துழாவி, தாளைக் கிழித்து, மாத்திரையை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. வலியைப் போக்கியது மாத்திரை இல்லை. மாத்திரையை எடுப்பதற்காக அவர் நின்றது. நீங்களும் "நின்று" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆறு வாரத்துக்கு முன் எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்று ஆறுதல் பட்டிருக்கிறீர்கள். அது நீங்கள் படுத்திருந்தபோது எடுத்தது. வலி இல்லாத நேரத்தில் ஓய்வாகப் படுத்திருக்கும் இதயத்தின் பதிவு நார்மலாக இருப்பதால் ஆஞ்சைனா இல்லை என்று ஆகிவிடாது. அதைவிட எனக்குக் கவலை தருவது, இரண்டாவது மாடியில் வந்தது முதல் மாடிக்கு இறங்கியிருப்பது. முன்பைவிடக் குறைந்த உழைப்பில் வருவது, அடிக்கடி வருவது, வந்தால் நெடுநேரம் இருப்பது என்று ஆஞ்சைனா தன் போக்கை மாற்றிக்கொண்டால், குழாய்க்குள் இருக்கும் கொழுப்புப் படிவு எப்போது வேண்டுமானாலும் வெடித்து ரத்தம் உறையக்கூடிய நிலையில் இருக்கலாம். ஆகவே நீங்களாகவே ஒரு லேபுக்குப் போய் டிரெட்மில் சோதனைக்குப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். இந்த நிலையில் ஓடவைத்துப் பார்ப்பதே ஆபத்தாகலாம். எந்தச் சோதனை, எப்போது என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்லட்டும். அதுவரை படியேற்றம் வேண்டாம், சுமை தூக்குவது வேண்டாம்.

இடையில் அந்த இறுக்கம் சும்மா இருக்கும்போது வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் விடாவிட்டாலோ, கூடவே குப்பென்று வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தாடைக்கோ தோளுக்கோ வலி பரவினாலோ ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

"மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு வராது" என்று உறவினர் ஒருவர் தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த வயதுவரை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. வராது என்பது பொய். உங்களைப் போல எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கிறவர்களுக்கு அந்தக் குறைவை நம்பி உட்கார முடியாது. பெண்கள் வலி என்று சொல்லாமல் களைப்பு, மூச்சுத் திணறல், குமட்டல் என்று சொல்வதும் உண்டு. கேட்கிறவர்களும் வாயு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இனி, நீங்கள் நேரடியாகக் கேட்காத கேள்வி. அண்ணனை 44 வயதில் மாரடைப்பில் இழந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இப்போது 47. "அண்ணன் வயதைத் தாண்டிவிட்டேன், இனி பயமில்லை என்று நினைத்தேன்" என்று ஓரிடத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

உங்கள் அறிக்கையில் எல்.டி.எல். 196. இந்த அளவு, உடன்பிறந்தவர் இளம் வயதில் மாரடைப்பில் இறந்தது ஆகிய இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இது சாப்பாட்டால் வந்த கொலஸ்ட்ராலாக எனக்குத் தோன்றவில்லை. எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தொட்டாலே பரம்பரைக் கொலஸ்ட்ரால் மிகைப்பு இருக்கிறதா என்று நாங்கள் தேடத் தொடங்குவோம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் நிலை இது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. பரம்பரை மிகைப்பில் அந்த ஏற்பிகள் பிறவியிலேயே குறைவாகவோ பழுதாகவோ இருக்கும். அதாவது, மற்றவர்களுக்குக் குழாயில் மெதுவாகச் சேரும் படிவு இவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே வேகமாகச் சேர்ந்துகொண்டிருக்கும். பட்டினி கிடந்து எல்.டி.எல். இறங்கவில்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை இத்துடன் நிறுத்துங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. எனவே உங்கள் மகன், மகள் மட்டுமல்ல, அண்ணனின் பிள்ளைகளுக்கும் ஒருமுறை கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்ய வேண்டும். வயது போதாது என்று தள்ளிப்போடக் கூடாது. அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அவரிடம் என் பதிலையே காட்டுங்கள்.

அண்ணனுக்கு வந்தது உங்களுக்கும் வருமா? அவருக்கு உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட ரத்தப் பரிசோதனை நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் அறிக்கை இருக்கிறது, மாத்திரைச் சீட்டும் இருக்கிறது. அந்தச் சீட்டை என்ன செய்தீர்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட்டீர்கள். இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு நிறுத்தினீர்கள். அதே காணொளிக்குக் கீழே விளம்பரப்படுத்தியிருந்த "இயற்கையான" கேப்ஸ்யூலை வரவழைத்துச் சாப்பிடுகிறீர்கள். பயத்தை உண்டாக்கியவரும் மருந்தை விற்றவரும் ஒருவரே என்பது உறுத்தவில்லையா? புட்டியில் சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் இருக்கும் மோனகோலின் கே என்ற பொருளும், 1987இல் ஒப்புதல் பெற்ற லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையும் வேதியியலில் ஒன்றேதான். ஸ்டாட்டினுக்குப் பயந்து ஸ்டாட்டினையே சாப்பிடுகிறீர்கள். ஆனால் எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல், புட்டிக்குப் புட்டி அளவு மாறக்கூடிய ஒன்றை. சரியாகத் தயாரிக்காவிட்டால் சிட்ரினின் என்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கும் பூஞ்சை நச்சும் அதில் கலந்திருக்கலாம். கேப்ஸ்யூலால் 196 என்பது 188 ஆகிவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். எந்த மருந்தும் சாப்பிடாமல் இரண்டு வாரம் விட்டு மறுபடி பரிசோதித்தாலும் இந்த அளவு ஏறி இறங்கும்.

ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோயாளிகள் 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது. பக்க விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே சர்க்கரை நோயின் விளிம்பில் இருக்கிறவர்களைச் சில சமயம் அந்தப் பக்கம் தள்ளிவிடும். கல்லீரல் என்சைம் சிலருக்குக் கொஞ்சம் ஏறும். கல்லீரல் கெட்டுப்போவது மிக மிக அபூர்வம்.

கால் வலித்ததால் நிறுத்தினேன் என்றும் ஒரு காரணம் சொல்கிறீர்கள். பக்க விளைவு வந்ததால் ஸ்டாட்டினை விட்ட 60 பேரை வைத்து 2020இல் ஒரு சோதனை வெளியானது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் அதேபோன்ற வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் எது மருந்து, எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் பட்ட தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. முடிவைக் காட்டிய பிறகு பாதிப் பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள். உங்கள் வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. காரணம் மாத்திரையாக இருக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், வேறு வகை மருந்தும் இருக்கிறது. எழுந்து நிற்கவே முடியாத தசை வலியும் தேநீர் டிகாஷன் நிறத்தில் சிறுநீரும் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மீதிக் கேள்விகளுக்கு அதிக நேரம் தேவையில்லை. கழுத்து வலி, காலையில் விரல் மரத்துப்போவது, தலைச்சுற்றல் எதற்கும் கொலஸ்ட்ரால் காரணமில்லை. கொலஸ்ட்ரால் குழாயை அடைக்கும்வரை எந்த அறிகுறியும் காட்டாது. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 140, நன்றாகவே இருக்கிறது. எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரால் 44, கொஞ்சம் குறைவு. அதை ஏற்றுவதற்கென்று மாத்திரை தேடாதீர்கள், ஏற்றிப் பார்த்த மருந்துகள் மாரடைப்பைத் தடுக்கவில்லை. முட்டையின் மஞ்சள் கருவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சாப்பிடுங்கள், அளவோடு. அறிக்கையில் அச்சடித்திருக்கும் "நார்மல்" வரம்பு எல்லாருக்கும் பொதுவானது. குழாயில் அடைப்பு உறுதியானால் உங்கள் எல்.டி.எல். 70க்கும் கீழே இறங்க வேண்டும், சில வழிகாட்டுதல்கள் 55 என்கின்றன.

இன்னும் போகவில்லை என்றால், வீட்டில் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு அறிக்கைகளையும் ஈ.சி.ஜி.யையும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கேப்ஸ்யூல் புட்டியையும் மறைக்காமல் கொண்டுபோங்கள். ஆனால் மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் கொலஸ்ட்ராலில் தொடங்காதீர்கள். மாடிப்படியைச் சொல்லுங்கள்: முன்பு இரண்டாவது மாடி, இப்போது முதல் மாடி, நின்றால் போகிறது. அடுத்து அண்ணனின் வயது. வாயு என்ற சொல் மட்டும் வாயில் வரவே வேண்டாம்.