பனி அடைத்த வீட்டுக்குள் விடுமுறை நாட்கள்: கேள்வி பதில்

டிசம்பர் விடுமுறைக்குப் பேரன் பேத்திகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் புறப்படும் கொங்குப் பெற்றோரும், அங்கே அவர்களை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பஃபலோ நகரத்தின் புறநகர் ஒன்றில் 17 குளிர்காலங்களைக் கழித்துவிட்டுக் கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பியவள் நான். (எருமையின் பெயரில் ஓர் ஊரா என்று கோபியில் இன்னும் சிரிக்கிறார்கள்.) 2022 டிசம்பரில் அடித்த பெரும் பனிப்புயலின்போது, காங்கேயத்திலிருந்து வந்திருந்த மாமனார், மாமியார், என் கணவர், இரண்டு பிள்ளைகள், நான் என ஆறு பேரும் ஐந்து நாட்களுக்கு மேல் வாசற்படியைத் தாண்டவில்லை. நான் சொல்வதில் பாதிக்கு மேல் அந்த நாட்களில் கற்றது.

பெருந்துறையிலிருந்து ஒரு பெரியவர்: மார்கழிப் பனியைப் பார்க்காதவர்களா நாங்கள்? ஸ்வெட்டரும் மப்ளரும் இருந்தால் போதாதா? பனியால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க நேரும் என்று மகன் சொல்வது மிகையாகத் தோன்றுகிறது.

ஐயா, இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ‘பனி’ என்ற சொல்தான். நம் மார்கழிப் பனி புல் நுனியில் நிற்கும் ஈரம். வெயில் ஏறினால் போய்விடும். நீலகிரியில் தலைக்குந்தாப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகத் தெரிவதுகூட, காற்றிலுள்ள ஈரம் புல்லின்மேல் படிந்து உறைவதே தவிர, வானத்திலிருந்து விழுவதன்று. உங்கள் மகன் சொல்வது மழையைப் போல விழுந்து, ஆனால் மழையைப் போல ஓடிப்போகாமல், விழுந்த இடத்திலேயே மேலும் மேலும் குவியும் பனி.

பஃபலோ ஈரி ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி நீர் இன்னும் உறையாமல், மேலே வீசும் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அந்த நீரின்மேல் கடுங்குளிர்க் காற்று நெடுந்தூரம் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையேறியதும் ஒரு குறுகிய பட்டையாகக் கொட்டிவிடும். அதனால் ஒரு தெருவில் இடுப்பளவு பனி கிடக்க, சில மைல் தள்ளி வெயில் அடிப்பதும் உண்டு. 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்கு, கிழக்குப் புறநகர்கள் சிலவற்றில் ஐந்து அடிக்கு மேல் குவிந்தது. 2022 டிசம்பர் 23ஆம் தேதி தொடங்கிய புயலில் விமான நிலையத்தில் அளந்த பனியே நான்கு அடிக்கு மேல். அதைவிடக் கொடுமை காற்று. முன்னால் நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியவில்லை. நகரத்துக்குள் வண்டி ஓட்டுவதற்குப் போட்ட தடை ஐந்து நாட்களுக்கும் மேலாக நீடித்தது. அந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; காருக்குள்ளும் தெருவிலும் சிக்கி இறந்தவர்கள் அவர்களில் பலர். ஆகவே மகன் “வெளியே போக வேண்டாம்” என்று சொன்னால், அது அன்புக் கட்டளை அல்ல, கண்டிப்பான கட்டளை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரைச் சொந்த ஊராகக் கொண்டு டொராண்டோவில் வசிக்கும் ஒரு மருமகள்: சென்ற ஆண்டு மூன்று நாட்கள் அடைபட்டபோது, இரண்டாம் நாளே எனக்கும் அத்தைக்கும் சமையலறையில் பேச்சு நின்றுவிட்டது. இந்த ஆண்டும் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

அம்மிணி, வந்த கேள்விகளிலேயே பெரியது உங்களுடையதுதான். புயலுக்கு அரசாங்கம் எச்சரிக்கை விடும். இதற்கு யாரும் விடமாட்டார்கள்.

என் மாமியார் காங்கேயத்தில் காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, மாட்டுக்குத் தீவனம் போட்டு, ஆள்காரர்களுக்கு வேலை சொல்லி, பத்து மணிக்குள் பாதி நாளை முடித்துவிடுபவர். பஃபலோவில் அவருக்குத் தெளிக்க வாசல் இல்லை. புயல் தொடங்கிய முதல் நாள் முழுவதும் சன்னலோரம் நின்றுகொண்டே இருந்தார். மாலையில் நான் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கழுவலில் குறை காண்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் அவர் கைக்கு வேலை தேடிக்கொண்டிருந்தார் என்பது இரவு படுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலைச் சமையலை முழுவதுமாக அவரிடம் ஒப்படைத்தேன். “நான் ஒத்தாசை செய்கிறேன்” என்றுகூடச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணி வரை அந்த அறைக்குள் நான் போகவே இல்லை. இரவுச் சமையல் என்னுடையது, அதில் அவர் தலையிடுவதில்லை. வேலையைப் பங்கு போடாதீர்கள், வேளையைப் பங்கு போடுங்கள். ‘நீங்கள் நறுக்குங்கள், நான் தாளிக்கிறேன்’ என்று பிரித்தால், வெங்காயம் பொடியாக இல்லை என்பதில் தொடங்கி எல்லாம் வரும்.

மூன்றாம் நாள் சந்தகை, அதாவது நம் கொங்குப் பக்கத்து இடியாப்பம், செய்தோம். இட்லி அரிசியை ஊறவைத்து, வழுவழுவென்று அரைத்து, இட்லியாக ஊற்றி, சூடு ஆறுவதற்குள் அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் அச்சு இறங்காது. முக்காலி அச்சை யாரும் விமானத்தில் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் முறுக்குப் பிழியும் உழக்கை வைத்துத்தான் சமாளித்தோம். துணியிலிருந்து ஆவி பறக்க இட்லியை எடுத்து உழக்கில் திணிக்க ஓர் ஆள், பிழிய ஓர் ஆள், கீழே தட்டைச் சுற்றிக்கொடுக்க ஓர் ஆள். என் கணவர் நெற்றி வியர்க்கப் பிழிந்தார், சின்னவள் தட்டைச் சுற்றினாள், மாமியார் விரல் நுனியை ஊதிக்கொண்டே “வேகமா, வேகமா” என்று விரட்டினார். ஒரு பங்குக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும், இன்னொரு பங்குக்கு எலுமிச்சைத் தாளிப்பு. கொங்குச் சமையலில் நான்கு கை கேட்கிற பண்டங்கள் இப்படிச் சில இருக்கின்றன, ஒப்புட்டு என்கிற போளி இன்னொன்று. அடைபட்ட நாட்களுக்கென்றே அவற்றை ஒதுக்கி வையுங்கள். அரிசிம்பருப்புச் சாதம் தனி ஆளே முடித்துவிடக் கூடியது. அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மத்தியானம் இரண்டு முதல் நான்கு மணி வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டம் போட்டோம். பெரியவர்களுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தால் இது எளிது. இல்லாவிட்டால் ஒரு நாற்காலியும் ஒரு மூலையும் அவர்களுடையதென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோவையிலிருந்து: அங்கே மாவு புளிப்பதே இல்லையாமே?

புளிக்கும். ஓவனை மூட்டாமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுவதும் அதற்குள் வைத்துவிடுங்கள். கைப்பிடியில் ‘உள்ளே மாவு இருக்கிறது’ என்று ஒரு சீட்டு ஒட்டுவது முக்கியம். எங்கள் வீட்டில் ஒருமுறை மூத்தவன் பீட்சா சுடுவதற்காக ஓவனை மூட்டிவிட்டான். பிளாஸ்டிக் மூடி உருகி மாவின்மேல் வழிந்திருந்தது.

சத்தியமங்கலத்திலிருந்து: பனிப்புயலில் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது? நம்மூர்க் கரியடுப்பைப் போலக் கணப்பு மூட்டிக்கொள்ள முடியாதா?

கூடவே கூடாது. கரியடுப்பு, வெளியில் வைத்து இறைச்சி சுடும் அடுப்பு, ஜெனரேட்டர் ஆகிய எதையும் வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் கொட்டகைக்குள்ளோ வைக்காதீர்கள். அந்த வீடுகள் குளிர் புகாதபடி இறுக்கிக் கட்டப்பட்டவை. நம் ஓட்டு வீட்டைப் போலப் புகை தானாக வெளியேற வழியில்லை. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும்தான் முதல் அறிகுறி, ஆகவே களைப்பு என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். சூடு வேண்டுமென்று சமையல் கேஸ் ஓவனைத் திறந்து வைப்பதும் இதே ஆபத்துதான். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி வெளியில் இருக்க வேண்டும்.

பலரும் மறப்பது இதை: வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய் பல வீடுகளில் பக்கச் சுவர் வழியாகத் தாழ்வாகவே வெளியேறும். பனி ஏறி அதை மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடலாம், அல்லது புகை உள்ளே திரும்பலாம். எங்கள் வீட்டில் அதைக் கண்காணிக்கும் பொறுப்பை மாமனார் ஏற்றுக்கொண்டார். மூன்று மணிக்கு ஒருமுறை டார்ச்சைச் சன்னல் கண்ணாடியில் அழுத்திக் குழாய்வாயைப் பார்த்து, “திறந்திருக்கு” என்று அறிவித்துவிட்டு, கிணற்று மோட்டார் ஓடிய நேரத்தைக் குறிப்பதைப் போலவே டைரியில் குறித்துக்கொள்வார். இரண்டு முறை குழாய்க்கு அருகே பனி ஏறிவிட்டதை அவர்தான் பார்த்துச் சொன்னார். என் கணவர் பக்கக் கதவு வழியாகக் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்று தள்ளிவிட்டு வந்தார்.

மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரமும், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் ஏறக்குறைய இரண்டு நாளும் தாங்கும். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க, வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களை நூல் போல ஒழுக விட்டு, சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். ஒழுகும் குழாயைக் கண்டால் மூடாமல் இருக்க நம் பெரியவர்களுக்குக் கை வராது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போகிற போக்கில்: சாம்பிராணி போட வேண்டாம். கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கும்.

பவானியிலிருந்து, 68 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்: காட்டில் மண்வெட்டி பிடித்த உடம்பு இது. வாசல் பனியை நானே அள்ளிவிட மாட்டேனா?

அள்ளாதீர்கள். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பளுவைத் தூக்கும்போது நாம் அறியாமலே மூச்சைப் பிடிக்கிறோம். இரண்டும் சேர்ந்து இதயத்துக்குத் திடீர்ச் சுமை ஆகிறது. பனி அள்ளும்போது மாரடைப்பு வருவது அங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்கிற செய்தி. மண்வெட்டி பிடித்தவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நிறுத்தத் தெரியாது. மாத்திரைகளைத் தங்கும் நாட்களுக்கு மேல் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக, மருத்துவர் எழுதிய சீட்டோடு, கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள். விமானம் ரத்தானால் அதுதான் கைகொடுக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மிச்சி: பேரப்பிள்ளைகள் நாள் முழுவதும் போனும் கையுமாக இருப்பார்களே, அவர்களோடு எப்படிப் பழகுவது?

போனைப் பிடுங்கப் போகாதீர்கள். அது பெற்றவர்கள் பாடு. தாயக்கட்டையும் ஒரு சாக்பீஸும் கொண்டு போங்கள். கட்டம் போடத் தரை கிடைக்காது, எல்லாம் மரமும் கம்பளமும்தான், ஆகவே அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் நீங்களே ஜெயியுங்கள். விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், மறுபடி விளையாட வரமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளும் என் மாமனாரும் ஒன்றாகச் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். பின்வாசற்படியில் குவிந்த பனியைப் பத்து அங்குல உயரமுள்ள டப்பாவில், அழுத்தாமல், விளிம்பு வரை எடுத்து வந்து அடுப்பங்கரையில் வைத்தார்கள். அத்தனையும் உருகியபின் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நின்றது. அப்பாருவுக்கு (தாத்தாவைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பெரிய ஆர்ப்பாட்டம் ஓர் உழவு மழைக்குத் தேறாதா என்று கேட்டு, ஸ்கேலை விட்டு அளந்தார். புதிதாக விழும் பனி பத்து அங்குலத்துக்குச் சுமார் ஓர் அங்குல நீர்தான் தரும்; காற்றில் இறுகிய பனியில் இன்னும் கொஞ்சம் கூடும். உழவு மழை என்றால் என்ன என்று மூத்தவன் கேட்டான். அதற்குப் பதில் சொல்லி முடிக்க அன்று மாலை முழுவதும் ஆனது. போன் எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

தாராபுரத்திலிருந்து: நாங்கள் போகவில்லை. மகன் குடும்பம் மட்டும் அங்கே இருக்கிறது. புயல் என்று தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை கூப்பிடுகிறோம். சில நேரம் எடுப்பதில்லை.

எடுக்காததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: தூங்குகிறார்கள், அல்லது மின்சாரம் இல்லாததால் போனில் இருக்கும் சார்ஜை மிச்சம் பிடிக்கிறார்கள். உங்கள் அழைப்பே அந்தச் சார்ஜைத் தின்னும். குளிர்காலத்தில் நியூயார்க் மாநிலம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும்; நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டால் அங்கே விடியற்காலை மூன்று. காலை எட்டு மணிக்கு ஓர் அழைப்பு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே முந்தின நாள் இரவு ஒன்பதரை, சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இடையில் அவர்கள் ‘நலம்’ என்று ஒரு சொல்லை மட்டும் செய்தியாக அனுப்பட்டும், நீங்கள் அதற்குப் பதில் அனுப்ப வேண்டாம். தொலைக்காட்சியில் ஒரே காரை நாள் முழுவதும் காட்டுகிறார்கள். அது உங்கள் மகனுடைய கார் அல்ல.