தம்பி கேட்டால் நகை அடகுக்குப் போகிறது

கேள்வி: எனக்கு 43 வயது. ராஜபாளையத்தில் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் நூற்பாலையில் மேற்பார்வையாளர். இருவருக்கும் சேர்த்து மாதம் 92,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 24,000, மாதச் சீட்டு 5,000, மற்ற செலவுகள் எல்லாம் போக 15,000 மிஞ்சும். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 2022-ல் தம்பி தொழில் தொடங்குவதற்காக 18 பவுனை அடகு வைத்து 4 லட்சம் வாங்கிக் கொடுத்தேன். வருடா வருடம் திருப்பி வைத்ததில் அது இப்போது 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தம்பி தற்போது சென்னையில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். சிறுசேரி பக்கம் கட்டப்படும் டேட்டா சென்டர் (ஏ.ஐ., இணையச் சேவைகளை இயக்கும் கணினிகளை வைக்கும் இடம்) கட்டடத்தில் 10 லட்சத்துக்கு ஒரு பங்கு தருகிறார்களாம். 2028-ல் கட்டி முடியும், பணம் போட்ட மாதத்திலிருந்தே வருடம் 12 சதவீதம் உறுதி, ஐந்து வருடத்தில் இரட்டிப்பு என்கிறான். பக்கத்தில் மனை வாங்கிப் போட்டாலும் லாபம் என்கிறான். வீட்டில் மீதியுள்ள 22 பவுனை வைத்தால் 11 சதவீத வட்டிக்கு 10 லட்சம் கிடைக்கும். 50,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியை ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் கட்டச் சொல்கிறான். மறுத்தால் தம்பி பேச மாட்டானோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராஜபாளையம்

பதில்: சகோதரி, மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். ஆவணிக்குள் மட்டுமில்லை, ஐப்பசியிலும் வேண்டாம்.

டேட்டா சென்டர் என்றால் என்ன, ஏ.ஐ. எப்படி வளர்கிறது என்பதையெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. தம்பி அதைப் போதுமான அளவுக்குச் சொல்லியிருப்பார். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. "வருடா வருடம் திருப்பி வைத்ததில்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பணத்தை அரிப்பது அந்தப் பழக்கம்தான்.

கணக்கைப் பார்ப்போம். 4 லட்சம் கடன், 11 சதவீத வட்டி. முதல் வருட முடிவில் வட்டியையும் சேர்த்துத் திருப்பி வைத்தால் 4.44 லட்சம். அடுத்த வருடம் 4.93. அதற்கடுத்து 5.47. நான்காவது வருடம் 6.07 லட்சம். நீங்கள் சொன்ன தொகை ஏறக்குறைய இதுதான். அதாவது இந்த நான்கு வருடத்தில் வட்டி என்று ஒரு ரூபாய்கூட நீங்கள் கையிலிருந்து கட்டவில்லை. எப்படி இது முடிந்தது? தங்கம் விலை ஏறியது. ஒவ்வொரு முறை திருப்பி வைக்கும்போதும் அதே 18 பவுனுக்குக் கூடுதல் கடன் கொடுத்தார்கள். அந்தக் கூடுதலில் பழைய வட்டி அடைபட்டுப்போனது. நகையும் கூடவில்லை, கையிலும் பணம் வரவில்லை. கடன் மட்டும் இரண்டு லட்சம் ஏறியிருக்கிறது. கவுன்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது எதுவும் கட்டாததால் வலிக்கவே இல்லை. அதனால்தான் இந்தப் பழக்கத்தைப் பார்த்து நான் பயப்படுகிறேன்.

இனி இந்த வழியும் அடைபடுகிறது. நகைக் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகைக் கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டும். அடுத்த முறை போகும்போது 60,000-க்கு மேல் கையில் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதற்கு இன்றே தயாராகுங்கள்.

இப்போது தம்பியின் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 6 லட்சத்தோடு இன்னும் 10 லட்சம். மொத்தம் 16 லட்சத்துக்கு வருட வட்டி 1,76,000. மாதத்துக்கு ஏறக்குறைய 14,700. உங்களுக்கு மாதம் மிஞ்சுவதே 15,000 தான். கட்டடக்காரர்கள் ஒரு மாதம் பணம் அனுப்பத் தவறினாலும், உங்கள் வீட்டு மிச்சம் முழுவதும் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். மகள் இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகிறாள்.

சரி, அவர்கள் சொன்னபடியே தவறாமல் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு 12 சதவீதம், 1,20,000 வருகிறது. அதே 10 லட்சத்துக்கு நீங்கள் கட்டும் வட்டி 1,10,000. வித்தியாசம் வருடத்துக்கு 10,000, மாதம் 800 சொச்சம். அந்த 800 ரூபாய்க்காக வீட்டில் மிச்சமிருக்கிற 22 பவுனும் வெளியே போக வேண்டுமா?

மேலும், கட்டடமே இல்லாதபோது 12 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று தம்பியிடம் கேளுங்கள். 2028 வரை அங்கே வாடகைதாரர் கிடையாது. வாடகை வராமல் மாதாமாதம் பணம் கொடுக்கிறார்கள் என்றால், அது உங்களைப் போல் பணம் போட்டவர்கள் கொடுத்த அசலிலிருந்தோ வேறு கடனிலிருந்தோதான் வர முடியும். இதைத் தம்பி யோசித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மாதக் கடைசிக்குள் விற்க வேண்டிய எண்ணிக்கை அவருக்கு இருக்கும். முதலில் போய்க் கேட்க அக்கா வீடுதான் நினைவுக்கு வந்திருக்கும்.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. பெரிய கட்டடங்களைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டு விற்பதை முறைப்படுத்த, பங்குச் சந்தையை மேற்பார்வையிடும் செபி, 2024-ல் சிறு மற்றும் நடுத்தர ரீட் என்ற விதிகளைக் கொண்டுவந்தது. ரீட் என்றால், பலர் பணம் போட்டுக் கட்டடம் வாங்கி வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. அதில் ஒருவர் குறைந்தபட்சம் 10 லட்சம் போட வேண்டும். உங்கள் தம்பி சொன்ன தொகை அதை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அந்த விதிகளின்படி, திட்டத்தின் சொத்து மதிப்பில் குறைந்தது 95 சதவீதம் கட்டி முடித்து வருமானம் வந்துகொண்டிருக்கும் சொத்தில்தான் இருக்க வேண்டும். பணம் போட்டவர்களுக்குத் தரும் பங்குகள், அதாவது அலகுகள், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட வேண்டும். 2028-ல் முடியப்போகும் கட்டடம் இதற்குள் அடங்காது. செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். கொடுத்தால் செபியின் இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எண் இல்லை என்றால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. குறைந்தபட்சத்தை 10 லட்சம் என்று உயர்த்தி வைத்ததற்கு, இழந்தாலும் தாங்கக்கூடியவர்கள் மட்டும் வரட்டும் என்பதே காரணம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அடகு வைத்த நகைப் பணம் அந்தக் கணக்கில் சேராது.

டேட்டா சென்டர் தொழிலே பொய் என்று நான் சொல்லவில்லை. இணையத் தகவலைக் கொண்டுவரும் கடலடிக் கேபிள்கள் வந்து கரையேறும் ஊர் சென்னை. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய டேட்டா சென்டர்கள் நிஜமாகவே இயங்குகின்றன. தமிழக அரசு 2021-ல் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. 2025 அக்டோபரில் கூகுள், விசாகப்பட்டினத்தில் ஐந்து வருடத்தில் 1,500 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தது. இந்த அளவில் நடக்கும் தொழில் இது. இதில் உள்ள நிறுவனங்களுக்கு வங்கிகளும் வெளிநாட்டு நிதியங்களும் நம் நகைக் கடன் வட்டியைவிடக் குறைவான வட்டிக்குப் பணம் தருகின்றன. நல்ல வாடகைதாரரோடு ஒப்பந்தம் போட்ட கட்டடத்துக்கு, ராஜபாளையத்தில் ஒரு ஆசிரியையின் வளையல் ஏன் தேவைப்படுகிறது?

இன்னொன்று. இந்தத் தொழிலில் ஒரு கட்டடத்தை மெகாவாட்டில்தான் அளக்கிறார்கள், சதுர அடி இரண்டாம்பட்சம். எவ்வளவு மின்சாரம் தடையில்லாமல் கிடைக்கும், வெப்பத்தை எப்படித் தணிப்பது என்பவைதான் அதன் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. செலவில் பெரும்பகுதியும் மின் கருவிகளுக்கும் குளிரூட்டும் அமைப்புக்குமே போகிறது. ஏ.ஐ. சிப்கள் பழைய சர்வர்களைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கின்றன. காற்றால் தணித்தது போதாமல் திரவக் குளிரூட்டலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்று வரைந்த கட்டடம் இரண்டு வருடத்தில் வாடகைதாரருக்குப் பழையதாகத் தெரியலாம். தேவை பற்றிய கணிப்பும் ஒரே நாளில் ஆட்டம் காணும். 2025 ஜனவரி 27 அன்று, சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த செலவில் ஏ.ஐ. மாதிரி ஒன்றை உருவாக்கியது என்ற செய்தியில், ஏ.ஐ. சிப் தயாரிக்கும் என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் கிட்டத்தட்ட 60,000 கோடி டாலர் குறைந்தது. அது பின்னர் மீண்டது. அதுவரை காத்திருக்க என்விடியா பங்குதாரரால் முடியும். பன்னிரண்டாவது மாதம் நகையை மீட்க வேண்டியவரால் முடியாது.

பக்கத்து மனை விஷயம். ஐ.டி. பூங்கா வந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு வருவார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும், மெஸ் வேண்டும், மனை விலை ஏறும். பழைய மகாபலிபுரம் சாலையில் நடந்தது அது. டேட்டா சென்டரில் கட்டி முடித்த பிறகு வேலை பார்ப்பவர்கள் சில நூறு பேர் இருந்தாலே அதிகம். ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் வீடு கட்ட யாரும் போட்டி போட மாட்டார்கள். பத்திரச் செலவே பொதுவாக 9 சதவீதம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியது. 18 பவுனும் ஒரே அடகுச் சீட்டில் இருந்தால், வட்டியைக் கட்டி, மூன்று நான்கு அடகுச் சீட்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக மீட்க முடியும். மொத்தமாக மீட்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. மிஞ்சுகிற 15,000-ஐச் சம்பளம் வந்த அன்றே கடனில் கட்டுங்கள். நீங்கள் கட்டும் மாதச் சீட்டு எப்போது முடிகிறது என்று எழுதவில்லை. தை மாதத்தில் ஒரு லட்சம் போல வரும் என்றால் அதையும் போட்டு, அதற்குப் பிறகு சீட்டுக்குக் கட்டிய 5,000-ஐயும் சேர்த்து மாதம் 20,000 கட்டினால், சுமார் இரண்டரை வருடத்தில் 18 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும்.

இதைவிட வேகமான வழி ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறேன். தங்கம் இன்றுள்ள விலைக்கு, 18 பவுனில் ஒரு பகுதியை விற்றாலே 6 லட்சமும் தீரும். அம்மா போட்ட நகை, மகளுக்கென்று எடுத்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நெளிந்தது, அணியாதது எதுவென்று பாருங்கள். விற்பது கௌரவக் குறைவு என்று நினைக்கிறோம். நான்கு வருடமாக அடகில் கிடக்கும் நகைக்கு வட்டி ஏறவிடுவதை மட்டும் அப்படி நினைப்பதில்லை. கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

கடன் தீர்ந்த பிறகும் இந்தத் துறையில் ஆசை இருந்தால், சந்தையில் பட்டியலான ரீட் அலகு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மைண்ட்ஸ்பேஸ் ரீட் நவி மும்பை ஐரோலியில் டேட்டா சென்டர்கள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறது. அது அவர்கள் சொத்தில் சிறு பகுதிதான், மற்றது அலுவலகக் கட்டடங்கள். பொதுவாக ரீட்கள் தரும் வருட வருமானம் 5 முதல் 7 சதவீதம். 12 சதவீதம் உறுதி என்று எந்த ரீட்டும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அதையும் மிச்சப் பணத்தில் மட்டும் வாங்குங்கள், அடகுப் பணத்தில் வேண்டாம்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது? சட்டம், மெகாவாட் எதையும் பேசாதீர்கள். பேசினால் அவரிடம் பதில் இருக்கும், அதுதான் அவர் வேலை. "தம்பி, உனக்காக வைத்த 18 பவுன் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதை மீட்ட பிறகு பேசலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் மாதம் 5,000 கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அது அவருக்கும் நல்லது. சில மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். என்னிடம் வந்த பல குடும்பங்களில் கடன் மறுத்ததால் பேசாமல் போனவர்கள் ஒரு தீபாவளிக்குள் திரும்பி வந்திருக்கிறார்கள். பணம் போய் அதனால் முறிந்த உறவுகள் பத்து வருடமாகியும் அப்படியே இருக்கின்றன.

50,000 முன்பணம் பற்றி. ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரா, தனிநபர் பெயரா, பணம் எந்தக் கணக்குக்குப் போனது? பதிவுத் தபாலில் திருப்பிக் கேட்டு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். "மீதியைக் கட்டினால்தான் முன்பணம் கழியும், இல்லையென்றால் போய்விடும்" என்பார்கள். போனால் போகட்டும். அந்த 50,000-ஐக் காப்பாற்ற ஒன்பதரை லட்சத்தை அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் என்ன பதில் எழுதினாலும், ரசீது நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.