இங்கிலாந்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு அம்ப்ரெல்லா நிறுவனம் வழியாகச் சேரலாமா?

ரெடிங்கில் 70,000 பவுண்ட் சம்பளத்தில் நிரந்தர வேலை, கம்பெனி 8 சதவீதம் பென்ஷன் போடுகிறது. இப்போது லண்டன் வங்கி ஒன்றில் ஆறு மாத கான்ட்ராக்ட் வந்திருக்கிறது: நாளுக்கு 400 பவுண்ட், ஐஆர்35-க்கு உள்ளே, அதாவது வரிக்கு உங்களை ஊழியராகவே கணக்கில் எடுக்கும் வேலை. ஏஜென்சி மூன்று அம்ப்ரெல்லா நிறுவனங்களின் பெயரைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்ப்ரெல்லாவில் சேரலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 400 பவுண்டுக்கு இந்த நிரந்தர வேலையை விடாதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

அம்ப்ரெல்லா என்பது உங்களைத் தன் ஊழியராகச் சேர்த்துக்கொண்டு சம்பளம் போடும் நிறுவனம். நீங்கள் வேலை பார்ப்பது வங்கிக்கு. வங்கி தரும் பணத்தில் ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு, நாளுக்கு 400 என்று அம்ப்ரெல்லாவுக்கு அனுப்பும். அந்த 400 உங்கள் சம்பளம் இல்லை. முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸும் (சம்பளத்தின் மேல் கட்டும் சமூகப் பாதுகாப்பு வரி) அந்தப் பணத்திலிருந்துதான் போகும். நிரந்தர வேலையில் இது உங்கள் கண்ணில் படாத செலவு. கம்பெனி தன் கையிலிருந்து கட்டுகிறது. இங்கே உங்கள் டே ரேட்டுக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வாரத்துக்கு 2,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். அம்ப்ரெல்லா தன் கட்டணமாக 20 பவுண்ட் எடுக்கும். முதலாளி நேஷனல் இன்சூரன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். அதற்கு முன் 13.8 ஆக இருந்தது. அதோடு, விலக்கு எல்லையையும் ஆண்டுக்கு 9,100-லிருந்து 5,000 பவுண்டாகக் குறைத்துவிட்டார்கள். அதில் சுமார் 245 போகும். தொழில் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் அப்ரென்டிஸ்ஷிப் லெவி அரை சதவீதம், ஒன்பது பவுண்ட் போல. மிச்சம் சுமார் 1,727 பவுண்ட்தான் உங்கள் உண்மையான சம்பளம். இதற்கு மேல்தான் எல்லாரையும் போல உங்கள் வருமான வரியும் உங்கள் நேஷனல் இன்சூரன்ஸும். 1257எல் என்ற வழக்கமான வரிக் குறியீடு, பென்ஷன் இல்லை என்று எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,205 பவுண்ட். அதாவது 60 சதவீதம்.

இப்போது ஆண்டுக் கணக்கு பாருங்கள். விடுமுறை, பண்டிகை, காய்ச்சல் எல்லாம் போக 220 நாள் வேலை பார்த்தால் 88,000 பவுண்ட் வரும். மேலே சொன்ன கழிவுகளுக்குப் பிறகு அது 76,000 பவுண்ட் சம்பளத்துக்குச் சமம். உங்கள் 70,000-க்கு மேல் 8 சதவீத பென்ஷனைச் சேர்த்தால் 75,600. இரண்டும் ஒன்றுதான்! இதில் கான்ட்ராக்டை ஒரு வார நோட்டீஸில் முடித்துவிடலாம், அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்க இரண்டு மாதம் ஆகலாம். அந்த இரண்டு மாதமும் யாரும் பணம் தர மாட்டார்கள். ரெடிங்கிலிருந்து லண்டனுக்கு ரயில் செலவு வேறு. 2016 ஏப்ரல் வரை அம்ப்ரெல்லா வழியாக வேலை பார்த்தவர்கள் பயணச் செலவுக்கு வரிச் சலுகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் மேற்பார்வையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது நின்றுபோய்விட்டது. உங்கள் வேலை அப்படித்தான் இருக்கும். எனவே 450-க்குக் கீழே நான் கிளம்ப மாட்டேன். 475 கிடைத்தால் அதே 220 நாளுக்கு 90,000 பவுண்ட் சம்பளம் போல ஆகும். அப்போது இடையில் வேலையில்லாத மாதங்களைத் தாங்கலாம். ஏஜென்சியிடம் பேரம் பேசுங்கள். உள்ளே என்று முடிவான வேலைக்கு அதிக ரேட் கேட்பது இங்கே சகஜம்.

சரி, சொந்தமாக லிமிடெட் கம்பெனி வைத்துப் பார்க்க முடியாதா என்று நண்பர்கள் கேட்டிருப்பார்கள். 2021 ஏப்ரலுக்கு முன் நானும் அப்படித்தான் வேலை பார்த்தேன். ஐஆர்35 சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. ஆனால் தனியார் துறையில் உள்ளேயா வெளியேயா என்பதை நாமேதான் முடிவு செய்துகொண்டிருந்தோம். அரசுத் துறையில் 2017-லும், தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களில் 2021-லும் அந்தப் பொறுப்பு வேலை தருகிறவர் தலையில் விழுந்தது. தவறாக முடிவு செய்தால் வரி தங்கள் மேல் வரும் என்று பயந்து, பல வங்கிகள் லிமிடெட் கம்பெனிகளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. உங்கள் வங்கியும் அந்த ரகமாக இருக்கலாம். சொந்த லிமிடெட் கம்பெனி வழியாகப் போகிறவர் என்றால், முடிவை ஏன் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்து எழுதினால் 45 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் பெரிய வங்கியில் முடிவு மாறும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். நாளை உண்மையிலேயே வெளியே என்று ஒரு வேலை வந்தால், அதாவது வேலையை எப்படிச் செய்வது என்பது உங்கள் கையில், உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம் என்ற நிலை இருந்தால், அப்போது லிமிடெட் கம்பெனிதான் சரி. உள்ளே என்று முடிவான வேலைக்கு அதை வைத்துக்கொண்டு லாபமில்லை.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். “எங்களிடம் வந்தால் 85 சதவீதம் கையில் கிடைக்கும்” என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். மேலே கணக்கு போட்டோம். இந்த ரேட்டுக்குச் சட்டப்படி 60 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். மிச்ச 25 வேறு எங்கிருந்தும் வராது, கட்டாமல் விட்ட வரியிலிருந்துதான் வரும். வழக்கமாக மாதம் இரண்டு தொகை வரும். குறைந்தபட்சக் கூலி அளவுக்கு ஒன்று பே ஸ்லிப்போடு, மற்றது கடன், அட்வான்ஸ் என்று ஏதோ ஒரு பெயரில் வரியில்லாமல். இப்படி வாங்கியவர்களிடம் பிற்பாடு ‘லோன் சார்ஜ்’ என்று வரித்துறை வந்து நின்றது. 2019 ஏப்ரல் 5 அன்று திருப்பித் தராமல் நின்ற கடன் மொத்தத்தையும் வருமானமாக எடுத்துக்கொண்டு வரி கேட்டார்கள். பிறகு 2010 டிசம்பர் 9-க்கு முந்திய கடன்களை விலக்கினார்கள், ஆனாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. திட்டத்தை விற்றவர்கள் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்ட குடும்பங்களில் பலர் ஏமாற்றும் எண்ணத்தோடு சேர்ந்தவர்கள் இல்லை, ஏஜென்சி கைகாட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அம்ப்ரெல்லா வரி கட்டாமல் போனால் ஏஜென்சியும் பொறுப்பு என்று 2026 ஏப்ரலிலிருந்து விதி மாறியிருக்கிறது. இது நல்ல மாற்றம். ஆனாலும் ஏஜென்சி பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் நம்ப வேண்டாம். ஆள் சேர்த்துவிட்டால் ஏஜென்சிக்குக் கமிஷன் தரும் அம்ப்ரெல்லாக்கள் உண்டு. வரித்துறை தன் இணையதளத்தில் வரி ஏய்ப்புத் திட்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது, அதிலும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

மூன்றில் எது என்பதை முடிவு செய்ய, கையெழுத்துக்கு முன்பே ஏஜென்சியிடம் முக்கியத் தகவல் ஆவணத்தைக் கேளுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து அதைத் தருவது கட்டாயம். டே ரேட்டிலிருந்து என்னென்ன போய்க் கைக்கு எவ்வளவு வரும் என்று மாதிரிக் கணக்கு அதில் இருக்கும். நான் போட்ட கணக்கோடு அதை வைத்துப் பாருங்கள். வாரக் கட்டணம் 15, 25 என்று மாறுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விடுமுறைப் பணத்தை எப்படித் தருகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். உங்கள் ரேட்டில் அது வாரத்துக்கு 185 பவுண்டுக்கு மேல். சிலர் வாரா வாரம் சம்பளத்தோடேயே கொடுத்துவிடுவார்கள். சிலர் பிடித்து வைப்பார்கள், ஆண்டு முடிவதற்குள் நீங்கள் விடுப்பு எடுத்துக் கேட்காவிட்டால் போனதுதான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். வாரா வாரம் தருபவரையே தேர்ந்தெடுங்கள். அப்புறம், ஏஜென்சியே நேரடியாகத் தன் பேரோலில் எடுத்துக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். அந்த ரேட் குறைவாகத் தெரியும், ஆனால் முதலாளி நேஷனல் இன்சூரன்ஸ் அதற்கு வெளியே போகும். எந்த ரேட்டோடு எதை ஒப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்.

அம்ப்ரெல்லாவில் எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு: சேலரி சாக்ரிஃபைஸ் முறையில் பென்ஷன், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து வரிக்கு முன்பே பென்ஷனில் போடுவது. 40 சதவீத வரி வரம்பில் இருக்கும்போது டே ரேட்டில் வரும் 100 பவுண்ட் கைக்கு வரும்போது 50 ஆகிவிடுகிறது. அதையே பென்ஷனில் போட்டால், முதலாளி நேஷனல் இன்சூரன்ஸில் மிஞ்சுவதையும் அம்ப்ரெல்லா உங்களுக்கே தந்தால், முழு 100-ம் உள்ளே போகும். முழுதும் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள், சிலர் அதில் பாதியை வைத்துக்கொள்வார்கள். 2029 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்கு மேல் இப்படிப் போடும் தொகைக்கு நேஷனல் இன்சூரன்ஸ் உண்டு என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள், அதுவரை முடிந்த அளவு பயன்படுத்திக்கொள்ளலாம். சிறு குழந்தை இருக்கும் வீட்டில், வருமானம் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டினால் வேலை பார்க்கும் பெற்றோருக்கு அரசு தரும் இலவசக் குழந்தைப் பராமரிப்பு போய்விடும் என்பதால், நல்ல ரேட் கிடைக்கும்போது பென்ஷனில் போட்டு அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பது இன்னும் முக்கியம்.

விசா பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருந்தால் இவ்வளவு கணக்கும் தேவையில்லை. உங்கள் ஸ்பான்சரை விட்டுவிட்டு அம்ப்ரெல்லா ஊழியராக வங்கியில் போய் உட்கார அந்த விசா இடம் தராது. ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி), குடியுரிமை, டிபென்டென்ட் விசா, கிராஜுவேட் விசா என்றால் பிரச்சினையில்லை. எந்த விசா என்று கமென்டில் சொல்லுங்கள், ஏஜென்சி அனுப்பும் மாதிரிக் கணக்கையும் பெயர்களை மறைத்துப் போட்டால் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.