வசனம் கேட்கல, சண்டை வந்தா வீடே அதிருது

சவுண்ட்பார் வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. தாத்தாவுக்கு வசனம் கேட்கட்டும்னு சத்தத்தைக் கூட்டினா, சண்டைக் காட்சியில தொட்டில்ல தூங்குற குழந்தை முழிச்சுக்குதுன்னு எழுதியிருக்கீங்க. டிவி பழுதாகல. ஓடிடியில நிறைய படம் 5.1 ஒலியில, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்ச ஒலியில வருது. அதுல வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குன்னு தனியா இருக்கும். டிவியில இருக்கிறதோ பொதுவா ரெண்டு சின்ன ஸ்பீக்கர், அதுவும் தரையைப் பார்த்து. அதனாலதான் வசனம் அமுங்கிப் போகுது.

படம் ஓடும்போதே ஆடியோ மெனுவைத் திறங்க. 'தமிழ் 5.1' பக்கத்துல வெறும் 'தமிழ்'னு (ரெண்டு ஸ்பீக்கருக்கான ஒலி) இருந்தா அதுக்கு மாத்துங்க. அப்புறம் டிவி சவுண்ட் செட்டிங்ஸ்ல நைட் மோட், இல்லேன்னா ஆட்டோ வால்யூம் போடுங்க; பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது குறைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பேரு மாறும். பாட்டு கொஞ்சம் சப்புன்னு கேட்கும், பரவாயில்லை. குழந்தை முழிச்சா படமே கிடையாதே! இதுக்கும் சரிவரலேன்னா டிவி மாடலைச் சொல்லுங்க.