முதலில் டேங்கைப் பாருங்கள்: படகு டீசல், ஹீட்டர் கேள்வி பதில்

படகு இன்ஜின் வேலைக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஆறு ஆண்டுகள் இங்கிலாந்தில், கால்வாய்ப் படகுகளுக்கு டீசல் டேங்கும் ஹீட்டரும் பொருத்தும் பட்டறையில் இருந்தேன். இங்கேயும் அங்கேயும் நான் பார்த்தது ஒன்றுதான். இன்ஜின் கோளாறு என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை டேங்கில் ஆரம்பித்தவை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

நாகப்பட்டினத்திலிருந்து: அண்ணே, விசைப்படகு ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் திணறி அணைந்துவிடுகிறது. அரை மணி கழித்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள் தம்பி. அடுத்த முறை அணைந்ததும் டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து, காதை வைத்துக் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனால், டேங்குக்குள் வெளிக்காற்றை விடும் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் கக்கிக் கக்கி நின்றுவிடும், எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டால்தான் சரளமாக வரும். டேங்கும் அப்படித்தான். டீசல் வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும்.

ஒரு படகில் இதே கோளாறுக்குப் பம்ப், டீசலைத் தெளிக்கும் நாசில் எல்லாம் மாற்றி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். காற்றுக்குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஒரு கம்பியால் குத்தியதும் சரியாகிவிட்டது. வலை போட்ட வாயின் மேல் பெயின்ட் அடித்து மூடிவிடுவதும் உண்டு, அதையும் பாருங்கள்.

சத்தம் வரவில்லையா? அப்படியென்றால் டேங்கிலிருந்து டீசலை எடுக்கும் உறிஞ்சு குழாயின் அடிவாயில் கசடு வந்து ஒட்டுகிறது. இன்ஜின் நின்றதும் அது விழுந்துவிடும், அதனால்தான் மறுபடி ஓடுகிறது.

தூத்துக்குடியிலிருந்து: மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இறங்கிய முதல் வாரத்திலேயே மூன்று ஃபில்டர் மாற்றிவிட்டோம். கருப்பாக, வழவழவென்று அடைக்கிறது. பங்க்கில் கலப்படமா?

பங்க்கைச் சந்தேகப்படும் முன்னால் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு சும்மா நிற்கிறது. டேங்கில் பாதி டீசல், மீதி காற்று. பகலில் தகடு கொதிக்கிறது, இரவில் ஆறுகிறது. உள்சுவர் வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அடியில் சேர்கிறது. டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து படலம் கட்டும். உங்கள் ஃபில்டரில் வந்தது அதுதான்.

நான் திறந்த ஒரு டேங்கில் கையை விட்டால் இட்லி மாவுப் பதத்தில் கருப்பாக இரண்டு விரல் கனத்துக்கு இருந்தது. புளித்த நாற்றம். கிருமி கொல்லும் மருந்தை மட்டும் ஊற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். செத்த கசடு மொத்தமாகக் கிளம்பி வந்து ஃபில்டரை இன்னும் மோசமாக அடைக்கும். அடித்துளை வழியே தண்ணீரை எடுங்கள். கை நுழையும் அளவுள்ள கைத்துளையைத் திறந்து டீசலை முழுவதும் இறைத்து, நார் உதிராத துணியால் டேங்கின் ஒவ்வொரு தடுப்பறையையும் துடைத்துவிட்டு, அதற்கப்புறம் மருந்து போடுங்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன் டேங்கை ஏறக்குறைய நிரப்பி வையுங்கள். சூட்டில் டீசல் விரியும், அதற்கு 5 சதவீதம் இடம் விட்டால் போதும். கடலுக்கு இறங்கும் முன் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு விழுந்தால் தண்ணீர்.

குளச்சலிலிருந்து: புது டேங்க் அடிக்கப் போகிறோம். ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) விலை குறைவாகக் கிடைக்கிறது. போடலாமா ஐயா?

டீசலுக்கு ஜி.ஐ. வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு பொருளாகி ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். சாதாரண இரும்புத் தகடு போடுங்கள், வெளியே நல்ல பெயின்ட், உள்ளே ஒன்றும் அடிக்க வேண்டாம். பணம் இருந்தால் 316எல் ரக ஸ்டெயின்லெஸ். 304 ரகமும் பளபளப்பாக இருக்கும், ஆனால் உப்புத்தண்ணீர் தேங்கும் இடுக்கில் ஊசி ஊசியாகத் துளை விழும்.

உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் கட்டாயம். அவை இல்லாவிட்டால் அலையில் டீசல் முழுவதும் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மோதி வெல்டிங்கைப் பிளந்துவிடும். டேங்கை நேரடியாக மரத்தின் மேல் உட்கார வைக்காதீர்கள். நனைந்த மரம் ஒட்டிய இடம்தான் முதலில் அரிக்கும். தண்ணீர் குடிக்காத ரப்பர் பட்டை கொடுத்து, சுற்றிலும் காற்றோட இடம் விடுங்கள். உறிஞ்சு குழாய் அடித்தகட்டிலிருந்து ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். பொருத்தும் முன் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, வெல்டிங் தையல் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் டேங்க் உப்பிவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்து: டேங்கில் ஊசித்துளை. காலி செய்துவிட்டோம். படகிலேயே வெல்டிங் வைக்கலாமா?

வைக்காதீர்கள். காலி டேங்க்தான் ஆபத்து. சுவரில் ஒட்டிய டீசல் படலம் வெல்டிங் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு சேர்ந்து வெடிக்கும். டேங்கைக் கழற்றி, இந்த வேலை தெரிந்த பட்டறைக்குக் கொடுத்து, கழுவி ஆவியில்லாமல் ஆக்கிய பிறகுதான் நெருப்பு.

காசிமேட்டிலிருந்து: இரண்டு டேங்க். ஒன்று குறையும்போது இன்னொன்று வழிகிறது.

இன்ஜின் எரித்தது போக மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும். எடுப்பது ஒரு டேங்கில், திருப்புவது மற்றதில் என்று வால்வு இருக்கிறது. எந்த டேங்கிலிருந்து எடுக்கிறதோ அதற்கே திருப்பிவிடுங்கள்.

லண்டனிலிருந்து: கால்வாய்ப் படகில் குடியிருக்கிறேன். டீசல் ஹீட்டர் இரண்டு முறை முயன்று, வெள்ளைப் புகை விட்டு நின்றுவிடுகிறது. இன்ஜின் நன்றாகவே ஓடுகிறது.

முதல் சில நிமிடம் பற்றவைக்கும் பிளக் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். ஒயர் மெல்லியதாகவோ நீளமாகவோ இருந்தால் பேட்டரியில் 12.5 வோல்ட் காட்டும், ஹீட்டரில் அது 11-க்குக் கீழே விழுந்திருக்கும். ஆகவே ஹீட்டரின் இணைப்பில், அது பற்ற முயலும் நேரத்தில் அளந்து பாருங்கள். வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, சரியாக எரியவில்லை என்று அர்த்தம். மின்சாரம் சரியாக இருந்தால் உள்ளே கரி அடைந்திருக்கும். எப்போதும் மிகக் குறைந்த சூட்டில் வைத்து ஓட்டுவதால் வருவது அது. சுத்தம் செய்த பிறகு வாரம் ஒருமுறை 20 நிமிடம் முழுச் சூட்டில் ஓடவிடுங்கள்.

புகையே வராமல் பம்ப் மட்டும் டிக் டிக் என்று அடித்தால் டேங்க் அளவைப் பாருங்கள். ஹீட்டரின் உறிஞ்சு குழாயை வேண்டுமென்றே குட்டையாக வைப்போம். இன்ஜினுக்கான டீசலை ஹீட்டர் குடித்துத் தீர்த்துவிடக் கூடாது என்பதற்காக.

அவரே மறுபடி: சில நாள் ஹீட்டர் ஓடும்போது தலை வலிக்கிறது. அது குளிராலா அண்ணா?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், அதற்கு மணமே கிடையாது. ஹீட்டரை இப்போதே அணைத்து, எல்லோரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள். வலி தணியாவிட்டாலும் மயக்கமாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புகைக்குழாய் ஹீட்டரில் மாட்டும் கிளாம்ப், படகின் பக்கச்சுவரில் வெளியேறும் இடம், குழாயின் வளைவுகள் எல்லாவற்றிலும் கருப்புக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிப்புக்கான காற்றை அறைக்குள்ளிருந்து இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தங்கும் அறை உள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அங்குள்ள படகுப் பாதுகாப்புச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். உங்களுடையது இருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் கத்துகிறதா? இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். கசிவு எங்கே என்று தெரியும் வரை அந்த ஹீட்டரைப் போடாதீர்கள். இன்றிரவு நண்பர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள், காலையில் புகைக்குழாயைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.