மருத்துவமனை வாசலிலிருந்து திரும்பி வந்த தம்பிக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம். நான் திருநம்பி, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவன், வயது 27. சொந்த ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆரம்பத்தில் ஒரு மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்தார். அவர் ஊர் மாறிப் போன பிறகு தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் நானே வாங்கிக்கொள்கிறேன். இடையில் சில மாதங்கள் போடாமலும் விட்டிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஆதாரைப் பார்த்த கவுண்டர் பெண் என் பழைய பெயரைக் கூடம் முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டார். தாடியோடு நான் எழுந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உள்ளே இருந்த மருத்துவர் பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். காய்ச்சலுக்கும் அவர் கேட்ட கேள்விகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மருந்துகூட வாங்காமல் வந்துவிட்டேன்.

இப்போது நான்கு மாதமாக அடிவயிற்றில் வலி. நின்றுபோயிருந்த இரத்தப்போக்கும் விட்டு விட்டு வருகிறது. ஈ.எஸ்.ஐ. அட்டையில் பழைய பெயர்தான் இருக்கிறது, அதை நீட்டினால் கம்பெனி வரைக்கும் செய்தி போய்விடுமோ என்று பயம். இரண்டு முறை அரசு மருத்துவமனை வாசல் வரை போய், எதிரில் டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்தப் பயத்தை எப்படி வெல்வது என்று சொல்லுங்கள் அக்கா.

அன்புடன்,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றிரவு இரண்டு முறை படித்தேன். கிராமத்தின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் நீக்கிவிட்டு, நீங்கள் அனுமதித்த பகுதியை மட்டும் மேலே வெளியிட்டிருக்கிறேன். இதே நிலையில் இருந்தும் யாருக்கும் எழுதாமல் இருப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஊசியால் நின்றுபோன இரத்தப்போக்கு மறுபடியும் வருவதற்கு நீங்கள் ஊசி போடாமல் விட்ட மாதங்களே காரணமாக இருக்கலாம். கர்ப்பப்பையில் நார்க்கட்டியோ சிறு சதை வளர்ச்சியோ தொற்றோ இருக்கலாம். அரிதாக, அவற்றைவிடப் பெரிய நோயாகவும் இருக்கலாம். எது என்பதை ஒருவர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும், அதற்கு நான்கு மாதம் ஏற்கெனவே அதிகம். இடையில் ஒரு நாள் போக்கு கடுமையாகி மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, தலை சுற்றினாலோ, காய்ச்சலோடு வலி கூடினாலோ, நான் கீழே எழுதப்போகும் எந்த ஏற்பாட்டுக்கும் காத்திருக்காமல் 108ஐ அழைத்துப் பக்கத்திலுள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சையைத் தந்தாக வேண்டும், நடைமுறைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் என்று 1989ஆம் ஆண்டிலேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் பயம் கற்பனையில் முளைத்ததல்ல, ஒரு மருத்துவமனை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. திருநங்கையான எனக்கும் அப்படித்தான் வந்தது. 2003ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, எனக்கு மஞ்சள் காமாலை முற்றி, நிற்கக்கூட முடியாத நிலையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். ஆண்கள் வார்டில் படுக்க வைத்தபோது சுற்றியிருந்தவர்கள் செய்த கேலி தாங்க முடியாமல் நானே எழுந்து வந்தேன். பெண்கள் வார்டில் இருந்த நோயாளிகளின் உறவினர்கள் என்னை உள்ளே விடக் கூடாது என்றார்கள். கடைசியில் இரண்டு வார்டுகளுக்கும் நடுவில் இருந்த வராந்தாவில் ஒரு பெஞ்சில் படுக்க வைத்து, டிரிப்ஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டுத்துணியால் கட்டித் தொங்கவிட்டார்கள். இரவு முழுவதும் அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் காலைப் பணிக்கு வந்த செவிலியர் என் கேஸ் ஷீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், "உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். நான் சொன்ன பெயரை, பேனாவால் எழுதியிருந்த பழைய பெயருக்கு மேலே, பென்சிலால் சின்ன எழுத்தில் எழுதினார். பிறகு பெண்கள் வார்டின் கோடியில் ஒரு கட்டிலைப் போட்டு மறைப்புத் தட்டியையும் இழுத்துவிட்டார். மறுப்புச் சொன்னவர்களிடம் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்த ஆறு நாளும் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை, எனக்கு எது வந்தாலும் அவருக்கு எந்த ஷிப்ட் என்று விசாரித்துக்கொண்டுதான் அந்த மருத்துவமனைக்குப் போவேன். கட்டடம் அதேதான், கவுண்டரில் இருந்த ஆட்களும் அவர்களேதான். என் பயம் மட்டும் பாதியாகிவிட்டது.

பயத்தை வென்ற பிறகு மருத்துவமனைக்குப் போகலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது அந்த வரிசையில் நடப்பதில்லை. உள்ளே தெரிந்த முகம் ஒன்று இருந்தால்தான், அதுவும் ஒருமுறை போய்விட்டு வந்த பிறகுதான், அந்தப் பயம் குறைகிறது. டீக்கடையில் எத்தனை மணி நேரம் நின்றாலும் குறையாது.

திருநங்கைகள் உறவு முறை வைத்துச் சேர்ந்து வாழும் எங்கள் ஜமாத்தில் எனக்குத் தங்கை முறையான ஒருத்தி இருந்தாள். மார்பு வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரைகளை வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்று விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கித் தொட்டால் சுடும் அளவுக்குச் சூடாக இருந்தது. சுளுக்கு என்று சொல்லி மூன்று வாரம் தைலம் தேய்த்தாள். மருத்துவமனைக்குக் கூப்பிட்டபோதெல்லாம், "போனா புடவையைத் தூக்கிக் காட்டச் சொல்லுவாங்கக்கா, எனக்கு முடியாது" என்றாள். ஒரு விடியற்காலையில் திடீரென்று மூச்சுத் திணறல் வந்து, ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். அந்த மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அளவு மீறும்போது காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும் என்பதையும், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் என்பதையும், கால் வீங்கிய வாரத்திலேயே வந்திருந்தால் உறைவைத் தடுக்கும் மருந்து இருந்தது என்பதையும் ஒரு மருத்துவர் பிறகு எனக்கு விளக்கினார். அவள் பயந்ததில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

உங்களைக் காட்சிப்பொருளாக்கிய அந்த மருத்துவரை மன்னிக்கும்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் இனி நீங்கள் பார்க்கப்போகும் மருத்துவர் எல்லோரும் அவரைப் போலத்தான் இருப்பார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்று பணியில் இருக்கும் மருத்துவர்களில் பெரும்பாலோர் படித்த காலத்தில், நம்மைப் போன்றவர்களைப் பற்றிப் பாடநூல்களில் இருந்தவை வக்கிரம், கோளாறு என்பது போன்ற சொற்கள்தான். உலக சுகாதார நிறுவனம் பாலின அடையாளம் சார்ந்த நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்த புதிய வகைப்பாடு 2019இல்தான் ஏற்கப்பட்டது, நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு வந்த, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்தபோது, இந்த விஷயம் தனக்குச் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7ஆம் நாள் தன் உத்தரவை எழுதினார். நம்மை "மாற்றுவதாக" சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளை அந்த உத்தரவு தடை செய்தது. இழிவான பாடங்களைக் கற்பிக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தியதும் அந்த வழக்கை ஒட்டி, அதே ஆண்டு அக்டோபரில்தான். ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி உட்கார்ந்து கற்றுக்கொண்டதை ஒரு மருத்துவரும் கற்றுக்கொள்ள முடியும். தெரியாமல் பேசுகிறவரையும் இழிவுபடுத்துவதற்காகவே பேசுகிறவரையும் பிரித்தறிய நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: ஒருமுறை அமைதியாகத் திருத்துவேன். முதலாமவர் உடனே மாற்றிக்கொள்வார். இரண்டாமவர் அதையே திரும்பச் சொல்வார், அப்போது நான் எழுந்துவிடுவேன். எழுந்துவிடுவது என்பது வேறொரு மருத்துவரிடம் போவதற்காக, வீட்டுக்குத் திரும்புவதற்காக அல்ல.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைகளில் திருநர்களுக்கு, அதாவது திருநங்கை, திருநம்பி என நம் எல்லோருக்கும், உரிய சிகிச்சை கிடைக்க அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையை மறுப்பதையும், பாதியில் நிறுத்துவதையும், நியாயமற்ற முறையில் நடத்துவதையும் தன் 3ஆம் பிரிவில் தடை செய்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. வயிற்று வலிக்குச் சிகிச்சை பெற மாவட்ட ஆட்சியரின் அடையாளச் சான்றிதழ் எதுவும் முன்நிபந்தனை அல்ல. ஆனாலும் வலியோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சட்டப் பிரிவு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, அந்த நேரத்தில் கைகொடுப்பது கூட வந்திருக்கும் ஆள்தான்.

ஆகவே தனியாகப் போகாதீர்கள். சென்ற ஆண்டு ஒரு திருநம்பியோடு மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவுக்குப் போயிருந்தேன். நிறைமாதப் பெண்களுக்கு நடுவில் தாடியோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த ஒரு பாட்டி, "வீட்டுக்காரிக்கு எத்தனாவது மாசம்ப்பா?" என்று வாஞ்சையோடு கேட்டு, பையிலிருந்த ஆரஞ்சில் இரண்டு சுளையையும் கொடுத்தார். அந்த இடத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் யாரோ ஒருவருக்குத் துணையாக வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். பெயரைக் கூப்பிடும் கணம் ஒன்றுதான் சிக்கல். அதற்காக நான் முன்னதாகவே செவிலியரிடம் போய், டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று கேட்டிருந்தேன். அவரும் அப்படியே செய்தார். கேட்டால் செய்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறார்கள், ஆனால் நோயாளி தானே கேட்பதைவிடக் கூட வந்தவர் கேட்பது எளிது.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஊசியின் பெயர், அளவு, விட்டுப்போன மாதங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் நீட்டிவிடுங்கள். வாய் வராத நேரத்தில் தாள் பேசும். ஆண் என்று மட்டும் சொன்னால் கர்ப்பப்பையைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றாது. பெண் என்று மட்டும் எழுதினால் வேறொரு தவறு நடக்கலாம்: ஹீமோகுளோபின் 12.5 என்று வந்தால் பெண்களின் அளவுகோலில் அது சரியான அளவு, ஆனால் டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு அது 13க்கு மேல் இருக்க வேண்டியது என்பதால், உங்கள் இரத்த இழப்பு கண்ணில் படாமலே போய்விடும். பரிசோதனையைப் பொறுத்தவரை, வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். உள்ளே கருவி வைத்துப் பார்க்க வேண்டி வந்தால் ஏன் என்று விளக்கி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், நடுவில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாணவர்கள் பார்க்க வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் உரிமைதான், அதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்பது மருத்துவர்களின் தொழில் நெறியிலேயே இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டையை நீட்டத் தயக்கமாக இருந்தால் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள், அரசு மருத்துவமனையில் அது இல்லாமலே பார்க்கலாம்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே புறநோயாளர் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து மதுரை எளிது. இந்த வலி தீர்ந்த பிறகும், நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஊசியின் அளவைச் சரிபார்ப்பதற்கென்றே அங்கே ஒருமுறை போய், ஒரு மருத்துவரையும் ஒரு செவிலியரையும் முகம் தெரிந்தவர்களாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை காய்ச்சலோ வலியோ வரும்போது, உடம்பும் மனமும் தளர்ந்திருக்கும் அந்த நாளில், நீங்கள் புதிதாக யாரையும் தேட வேண்டியிருக்காது.

மதுரையில் உங்களோடு வருவதற்கு ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். அவரும் திருநம்பிதான், மேலே சொன்ன ஆரஞ்சுச் சுளைகளைச் சாப்பிட்டவர். அவருடைய எண்ணைத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்த வாரத்திலேயே ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரை அழையுங்கள். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள், அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் பழைய மருந்துச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அன்று நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா